பொருநைக் கரையில் வெள்ளித்திரை – 17: விலாசம் தப்பிய பதக்கங்கள்

திருநெல்வேலிச் சீமைக்குக் கிடைத்த முதல் பெரிய சினிமா விருது கெய்ரோவில் கிடைத்தது. டெல்லியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, நைல் நதிக்கரையில்.

1960-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எகிப்துத் தலைநகரில் ஆப்பிரிக்க – ஆசியத் திரைப்பட விழா நடந்தது. அங்கே சிறந்த நடிகர் என்று அறிவிக்கப்பட்டவர் சிவாஜி கணேசன். படம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. இசைக்கான விருதும் அதே படத்துக்காக ஜி. ராமநாதனுக்குப் போனது. வெளிநாட்டு விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய முதல் இந்திய நடிகர் என்று சிவாஜியைச் சொல்வார்கள். நடிகைகளில் நர்கிஸ் முந்திக்கொண்டார்; 1958-இலேயே 'மதர் இந்தியா'வுக்காகச் செக்கோஸ்லோவாகியாவின் கார்லோவி வாரி விழாவில் அவருக்கு விருது கொடுத்துவிட்டார்கள்.

சென்ற சில வாரங்களாக டவுன் ரத்னா, பார்வதி, ராயல், ஜங்ஷன் சென்ட்ரல் என்று கொட்டகை கொட்டகையாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் மேடைக்குப் போவோம். தாமிரபரணிக்கரையிலிருந்தும் அதை ஒட்டிய கரிசல் காட்டிலிருந்தும் புறப்பட்ட கதைகளுக்கு விருதுகள் எப்படி வந்தன, எப்படி வராமல் போயின என்பதுதான் சங்கதி. பழைய பட்டியல்களைப் புரட்டப் புரட்ட ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நம் பக்கத்துக் கதைகளுக்கு வந்த விருதுகள் பெரும்பாலும் விலாசம் தப்பிய தபாலாகவே வந்திருக்கின்றன. வரவேண்டிய வீட்டுக்கு வராமல் பக்கத்து வீட்டில் விழுந்திருக்கும். அல்லது ஒரு வருஷம் கழித்து வேறு பெயருக்கு வந்திருக்கும்.

கட்டபொம்மனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் வெளிவந்தது 1959 மே மாதம். பி.ஆர். பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸ் தயாரிப்பு. கேவா கலரில் எடுத்து, லண்டனில் டெக்னிக்கலர் பிரதியாக்கிய படம். டெக்னிக்கலரில் வந்த முதல் தமிழ்ப் படம் என்ற பெருமை அதற்கு உண்டு. போர்க்களக் காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் வரை போனார்கள். பாஞ்சாலங்குறிச்சியின் செம்மண்ணுக்கு ராஜஸ்தானத்து மண் பதிலாள் வேலை பார்த்தது.

படத்துக்கு முன்பே நாடகம் வந்துவிட்டது. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957-இல் அரங்கேற்றியது. அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. சிறு பிள்ளையாக இருந்தபோது சிவாஜி கட்டபொம்மன் கூத்துப் பார்க்கப் போனார். கம்பளத்து நாயக்கர்கள் ஊர் ஊராக ஆடிவந்த கூத்து அது. வேஷம் போட ஆள் குறையவே பிள்ளைகளையும் மேடையேற்றினார்கள். அப்போது அவருக்குக் கிடைத்த வேஷம் கட்டபொம்மன் அல்ல, வெள்ளைக்காரச் சிப்பாய். பின்னாளில் உலகமெங்கும் கட்டபொம்மனாகவே அறியப்பட்ட மனிதர், கலை வாழ்க்கையைத் தொடங்கியது கம்பெனிப் படையில்! தமது சுயசரிதையில் அவரே சொன்ன தகவல் இது. நடிகனாக வேண்டும் என்ற ஆசை அந்தக் கூத்தில்தான் விழுந்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதம். சி.ஆர். பார்த்திபன் ஜாக்சனாக உட்கார்ந்திருக்க, சிவாஜி உறுமுவார். வசனம் மனப்பாடமாகத் தெரியாத ஆள் அந்தத் தலைமுறையில் நெல்லைப் பக்கம் கிடையாது. பள்ளி ஆண்டுவிழா, கோயில் கொடை, கல்யாண வீட்டு மொட்டைமாடி எங்கும் அந்த வசனம் ஒலித்தது. நிஜத்தில் ஜாக்சன் திருநெல்வேலிக் கலெக்டர். கட்டபொம்மனைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, குற்றாலம் தொடங்கிச் சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராக அலையவைத்து, கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் முகம் கொடுத்தார். வார்த்தை தடித்துக் கைகலப்பாகி, லெப்டினன்ட் கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி அங்கே உயிரிழந்தார். மறு வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் புளிய மரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். உத்தரவு மேஜர் பானர்மன்.

இத்தனை பெரிய படத்துக்கு டெல்லி என்ன கொடுத்தது? தகுதிச் சான்றிதழ். அந்த ஆண்டு தமிழுக்கான ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் 'பாகப்பிரிவினை'க்குப் போனது. அதிலும் கதாநாயகன் சிவாஜிதான். எனவே அவருக்கு வருத்தப்பட நியாயமில்லை. நமக்குத்தான் கொஞ்சம் உறுத்தல். கெய்ரோவின் கண்ணுக்குச் சிறந்ததாகத் தெரிந்தது டெல்லியின் கண்ணுக்கு இரண்டாம்படியாகத் தெரிந்திருக்கிறது. எகிப்துக்காரர்களுக்கு அந்தப் படம் வேறு மாதிரிப் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் தேசவுடைமை ஆக்கியதும், பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்ததும் 1956-இல். வரி கேட்டு வரும் வெள்ளைக்காரனை ஒருவன் எதிர்த்துப் பேசுகிறான் என்பது புரிய கெய்ரோவில் யாருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. அதே நாசர், விருது கிடைத்த 1960-இலேயே சென்னைக்கு வந்தபோது சிவாஜி அவருக்கு வரவேற்பு அளித்தார். ஒரு நடிகர் நாட்டு அதிபரை உபசரிப்பது அப்போது ஊரே பேசிய செய்தி.

அந்த விருதின் தொடர்ச்சியை இன்றும் கயத்தாறில் பார்க்கலாம். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பாதையில், தூக்கிலிட்ட இடத்தில் நிற்கிறதே கட்டபொம்மன் சிலை, அதை நிலம் வாங்கிச் சொந்தச் செலவில் நிறுவியவர் சிவாஜி. அரசாங்கம் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது 1974-இல். நம்மில் பெரும்பாலோர் மனத்தில் கட்டபொம்மனுக்கு இருக்கும் முகமே சிவாஜியின் முகம்தான். விருது வாங்கிய நடிகர் ஊருக்குத் திருப்பிச் செலுத்திய கடன் என்று அந்தச் சிலையைச் சொன்னால் தப்பில்லை.

இங்கே டெல்லி விருதின் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பதக்கம் எது, சான்றிதழ் எது என்று குழம்பும். மத்திய அரசு விருது கொடுக்க ஆரம்பித்தது 1954-இல், முந்தைய ஆண்டுப் படங்களுக்கு. அப்போது அதற்கு 'அரசு விருது' என்றே பெயர். அகில இந்திய அளவில் சிறந்த படத்துக்குத் தங்கப் பதக்கம். முதல் முறை அது 'ஷியாம்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு மொழிவாரியாக வெள்ளிப் பதக்கம் வந்தது. தமிழுக்கு முதல் வெள்ளிப் பதக்கம் வாங்கியது 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல், கலைஞர் வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு. பதக்கத்துக்கு அடுத்த படிகளில் இருந்த படங்களுக்குத் தகுதிச் சான்றிதழ். தாளில் அச்சடித்த சான்றிதழா என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். உலகப் போர்க் காலத்தில் ஹாலிவுட்டில் ஆஸ்கர் சிலையையே பிளாஸ்டரில் செய்து சாயம் பூசிக் கொடுத்தார்கள். போர் முடிந்த பிறகு உலோகச் சிலையாக மாற்றிக் கொடுத்தார்கள்.

நடிகர் நடிகைக்கென்று தனி விருது டெல்லியில் வந்தது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அதனால் கட்டபொம்மனுக்காகவோ, பிறகு நடித்த வ.உ.சி. வேடத்துக்காகவோ சிவாஜிக்கு டெல்லியில் சிறந்த நடிகர் விருது கிடைக்க வழியே இல்லை. வழி வந்த பிறகும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். 1971-இல் 'ரிக்ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆர். பாரத் விருது வாங்கினார். தென்னிந்தியாவுக்கு வந்த முதல் சிறந்த நடிகர் விருது அது. நெல்லை டீக்கடைகளில் இரண்டு ரசிகர் கூட்டமும் அதைப் பற்றி எப்படிப் பேசியிருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

இனி வ.உ.சி.

'கப்பலோட்டிய தமிழன்' 1961 தீபாவளிக்கு வந்தது. கட்டபொம்மனை எடுத்த அதே கூட்டணி: பந்துலு, சிவாஜி, ஜி. ராமநாதன். ம.பொ.சி.யின் நூலை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். பாரதியாக எஸ்.வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம். சுப்பையாவைப் பற்றி ஒரு வார்த்தை: அவர் செங்கோட்டைக்காரர். எட்டயபுரத்துப் பாரதியாருக்குச் செங்கோட்டைக்காரர் உருவம் கொடுத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை அகல விரித்து அவர் நடந்து வரும் நடையைப் பார்த்தவர்களுக்குப் பிறகு வேறு பாரதி யாரையும் ஏற்றுக்கொள்வது கஷ்டமாகவே இருந்தது.

படத்தின் நடுக்கதை நம் ஊரில் நடந்தது. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் மாதம் வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்ததும் 13-ஆம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடின, நகராட்சி அலுவலகம் எரிந்தது, மண்ணெண்ணெய்க் கிடங்கில் தீ வைத்தார்கள், போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்குத் தீர்ப்புச் சொன்னார்: ராஜத்துரோகத்துக்கு இருபது வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது வருஷம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கைச் சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்து வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாடு இழுக்க வேண்டிய அந்தக் கல்லின் கனத்தைப் பார்த்த பிறகுதான் படத்தில் சிவாஜி செக்கிழுக்கும் காட்சியின் நியாயம் புரியும். நடிப்பு மிகை என்று சொல்லும் விமரிசகர்களுக்கு அந்தச் செக்கைக் காட்டினால் போதும்.

டெல்லி இந்தப் படத்தை மதித்தது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குத்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பந்துலு கன்னடக்காரர், கோலார்ப் பக்கத்து மனிதர். தமிழர்களுக்குக் கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் திரையில் கொடுத்தவர், அதே 1961-இல் தம் தாய்மொழியில் 'கித்தூர் சென்னம்மா' எடுத்தார். கன்னடத்துக்கான தேசிய விருதை அது வாங்கியது. ஒரே இயக்குநர், ஒரே ஆண்டு, இரண்டு மொழி, இரண்டு விடுதலை வீரர், இரண்டு தேசிய விருது. இப்படி இன்னொருவரைச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

ஆனால் ஜனங்கள்? அதே தீபாவளிக்கு எம்.ஜி.ஆரின் 'தாய் சொல்லைத் தட்டாதே' வந்தது. மளமளவென்று எடுத்து முடித்த படம்; பாட்டும் சண்டையுமாகக் கொட்டகைகளை நிரப்பியது. கப்பலோட்டிய தமிழன் கரை தட்டியது. பந்துலுவுக்குப் பெரிய நஷ்டம். பல வருஷம் கழித்துக் கேளிக்கை வரிவிலக்குக் கொடுத்தார்கள். அதற்குள் படம் கொட்டகையைவிட்டுப் போயே போய்விட்டது. பின்னர் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் தூர்தர்ஷன் போட்டுப் போட்டுத்தான் மூன்று தலைமுறை அதைப் பார்த்தது. சுதேசிக் கம்பெனியின் கதையும் ஏறக்குறைய இதுதான் இல்லையா? பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, ஜனங்கள் மலிவான கப்பலில் ஏறினார்கள். ஐம்பது வருஷம் கழித்துச் சினிமாவிலும் வ.உ.சி.க்கு அதே போட்டி, அதே முடிவு. படம் ஓடாவிட்டாலும் தாம் நடித்ததில் பெரிதாக மதித்த வேடங்களில் ஒன்று வ.உ.சி. என்பதைச் சிவாஜி மாற்றிக்கொள்ளவில்லை.

விருது வந்து ஜனம் வராத கதை இது. ஜனமும் விமரிசகர்களும் தலையில் வைத்துக் கொண்டாடி, விருது மட்டும் தவறிப்போன கதை புதுமைப்பித்தனுடையது.

நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் சினிமாவை நம்பிப் போய் அழிந்தவர். 'அவ்வையார்', 'காமவல்லி' என்று வசனம் எழுதினார். பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி 'வசந்தவல்லி' எடுக்கப் பார்த்தார். கைக்காசு கரைந்ததுதான் மிச்சம். தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்காகப் புனே போனார். அங்கே காசநோய் முற்றியது. 1948-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42.

முப்பத்தொரு வருஷம் கழித்து மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த படம் அது என்பதை அவர் மறைக்கவில்லை. டைட்டிலிலேயே போட்டார், பேட்டிகளிலும் சொன்னார். உண்மையில் மூலக்கதையிலிருந்து படம் வெகுதூரம் விலகிப் போகிறது. தாயில்லாப் பிள்ளைகள், இரண்டாந்தாரம் என்ற விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு மரம் வளர்த்தார் மகேந்திரன். ஊரே கரையில் நிற்க ஒருவன் ஆற்றில் இறங்கிப்போகும் கடைசிக் காட்சியைத் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிற எவரும் விடுவதில்லை. 1979-இன் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது அதுவல்ல, துரையின் 'பசி'. ஷோபாவுக்குச் சிறந்த நடிகை விருதும் அதிலேதான். 'பசி' விருதுக்குத் தகுதியான படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறு வருஷம் நடந்ததைப் பாருங்கள். மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' சிறந்த தமிழ்ப் படம் ஆனது. அசோக்குமாருக்கு ஒளிப்பதிவு விருது, ராமநாதனுக்கு ஒலிப்பதிவு விருது, ஆக மூன்று. நகரத்துக் காதல் கதைக்கு மூன்று, 'சிற்றன்னை' வழியாக வந்த கதைக்கு ஒன்றுமில்லை. பழைய பாக்கியை ஜூரி மறு வருஷம் வட்டியோடு தீர்த்தது என்று மகேந்திரன் ரசிகர்கள் சொல்லிக்கொள்ளலாம். புதுமைப்பித்தன் கேட்டிருந்தால் கணக்கு எழுதியவன் யார் என்று விசாரித்திருப்பார்.

ஆற்றைச் சொன்னதும் ஆறில்லாத ஊர் நினைவுக்கு வருகிறது. அத்திப்பட்டி. கோமல் சுவாமிநாதன் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்துக்காகக் கோவில்பட்டி வட்டாரத்தில் கற்பனையாக நிறுவிய கிராமம். பாலசந்தர் அதை 1981-இல் படமாக்கினார். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-இல்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கும் பெண்கள், ஊருக்கு வந்த வெள்ளைச்சாமி ஏற்பாடு செய்யும் பீப்பாய் வண்டி, வாய்க்கால் வெட்டப்போன ஜனங்களைச் சட்டம் காட்டித் தடுக்கும் அரசு. சரிதாவின் செவந்தியை மறக்க முடியுமா! சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதோடு, நாடகத்திலிருந்து வந்த படத்துக்குச் சிறந்த திரைக்கதை விருதும் கிடைத்தது. அது பாலசந்தருக்குப் போனது. நிஜக் கோவில்பட்டிக்குக் குழாய்த் தண்ணீர் வருவது சீவலப்பேரியிலிருந்து, தாமிரபரணியிலிருந்து. ஆற்றங்கரைக்காரன் தண்ணீரைப் பற்றிப் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றியும் இருக்காது. ஆற்றுக்கு வடக்கே, குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த கரிசல்காரனின் கதைதான் டெல்லி வரை போனது.

சீவலப்பேரிக்கு அருகில்தான் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. சிற்றாற்றின் வழியே மேற்கே போனால் குற்றாலம், தென்காசி. அங்கே சுந்தரபாண்டியபுரம். 'ரோஜா' படத்தில் கதாநாயகியின் சொந்த ஊர் அது. காஷ்மீரத்துப் பனிக்கு எதிர்முனையில் மணிரத்னம் நிறுத்தியது நம் பக்கத்து வயல்வெளியை. தயாரிப்பு பாலசந்தரின் கவிதாலயா.

இந்தப் படத்தின் தேசிய விருதுக் கதை பலருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கு இசை விருது யாருக்கு என்று ஜூரி உட்கார்ந்தது. ஒரு பக்கம் 'தேவர் மகன்' இளையராஜா. அதற்குள் 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ர வீணா' மூன்றுக்கும் தேசிய விருது வாங்கியவர். மறு பக்கம் முதல் படத்தோடு வந்து நிற்கும் ஏ.ஆர். ரஹ்மான். வாக்குகள் சமம். தலைவரின் வாக்குதான் முடிவு செய்ய வேண்டும். தலைவர் யார் தெரியுமா? பாலு மகேந்திரா. 'மூடுபனி' தொடங்கித் தம் படங்களுக்கு இளையராஜாவைத் தவிர வேறு யாரையும் எளிதில் நினைத்துப் பார்க்காத மனிதர். அவர் வாக்கு ரஹ்மானுக்கு விழுந்தது. பின்னாளில் பாலு மகேந்திராவே இதை வெளிப்படையாகச் சொன்னார். நட்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் போட்ட வாக்கு என்பதால் எனக்கு அந்தத் தேர்வின் மேல் தனி மரியாதை. அதன் பிறகும் அவர் படங்களுக்கு இளையராஜாவே இசையமைத்தார் என்பது இளையராஜாவின் பெருமை. அந்த வருஷப் பட்டியலைப் பார்த்தால் தமிழ்க் கல்யாண வீடு போல இருக்கும்: 'தேவர் மகன்' சிறந்த தமிழ்ப் படம், சிவாஜிக்கு ஜூரியின் சிறப்பு விருது, ரேவதிக்குத் துணை நடிகை, எஸ். ஜானகிக்குப் பாடகி, 'ரோஜா'வுக்கு தேசிய ஒருமைப்பாட்டு விருது, வைரமுத்துவுக்குப் பாடலாசிரியர். சுந்தரபாண்டியபுரத்துப் பெண் சின்னச் சின்னதாக ஆசைப்பட்டுப் பாடிய பாட்டுதான் வைரமுத்துவுக்கு அந்த விருதை வாங்கிக் கொடுத்தது. பாடிய மின்மினிக்குத் தேசிய விருது இல்லை.

பாட்டு விருதில் இன்னொரு விசித்திரம் 2000-இல் நடந்தது. ஞான ராஜசேகரன் 'பாரதி' எடுத்தார். கேரளத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். பாரதியாக நடித்தவர் சாயாஜி ஷிண்டே என்ற மராத்தி நடிகர், பாரதியின் மனைவி செல்லம்மாவாகத் தேவயானி. பாரதி நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர், கடையத்து மாப்பிள்ளை. புதுச்சேரியிலிருந்து திரும்பிக் கடலூர்ச் சிறையில் சில நாள் இருந்து வெளியே வந்ததும் நேரே போனது கடையத்துக்குத்தான். அங்கே அக்கிரகாரத்தோடு அவர் பட்ட பாட்டைப் படம் காட்டுகிறது. மராத்திக்காரரைப் பாரதியாகப் போட்டதற்கு முதலில் முகம் சுளித்தவர்கள் படம் பார்த்த பிறகு சும்மா இருந்துவிட்டார்கள். சுப்பையாவின் பாரதியை நெஞ்சில் வைத்திருந்த பெரியவர்களை மட்டும் கடைசி வரை சமாதானப்படுத்த முடியவில்லை.

சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது வந்தது. கலை, உடை வடிவமைப்புக்காக கிருஷ்ணமூர்த்திக்கும் வந்தது. பாட்டுக்கு? பாரதியின் பாட்டுகளே நிறைந்திருந்த படத்தில் தேசிய விருது வாங்கித் தந்தது பாரதி எழுதாத பாட்டு. மு. மேத்தா எழுதி, இளையராஜா இசையில் அவர் மகள் பவதாரிணி பாடிய 'மயில் போல பொண்ணு ஒண்ணு'. சிறந்த பின்னணிப் பாடகி பவதாரிணி. பாரதிக்கு விருது தேவைப்படவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2024 ஜனவரியில் பவதாரிணி காலமானபோது தமிழ்நாடு முழுக்க ஒலித்ததும் அந்தப் பாட்டுதான்.

கடைசியாகப் 'பரியேறும் பெருமாள்'. 2018 செப்டம்பரில் வந்தது. மாரி செல்வராஜின் முதல் படம். புளியங்குளத்துப் பையன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்கு வருகிறான். தாமிரபரணிக்கரையின் சாதியை இத்தனை பக்கத்தில் போய்க் காட்டிய படம் அதற்கு முன் வந்ததில்லை என்பது என் எண்ணம். ஃபிலிம்ஃபேர் சிறந்த தமிழ்ப் படமாக அதைத் தேர்ந்தெடுத்தது. 2019 ஆகஸ்டில் தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது தமிழுக்கான விருது பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படத்துக்குப் போனது. படுத்த படுக்கையான முதியவர்களை எண்ணெய்க் குளியல் மூலம் சாகவிடும் தலைக்கூத்தல் பற்றிய படம் அது. அதுவும் தென்மாவட்டத்துக் கதைதான். அப்போது பெரும்பாலானோர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை; விருது வந்த பிறகுதான் கொட்டகைக்கே வந்தது. பார்க்காமலே திட்டியவர்களும் உண்டு. பார்த்துவிட்டு நான் சொல்கிறேன்: நல்ல படம். ஆனாலும் பரியனுக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுக்க டெல்லிக்கு மனம் வராமல் போனதை நெல்லைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. மறு வருஷக் கணக்கில் விருது இந்தப் பக்கமே திரும்பியது. கோவில்பட்டிக்காரர் பூமணி 1982-இல் எழுதிய 'வெக்கை' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' சிறந்த தமிழ்ப் படம், தனுஷ் சிறந்த நடிகர். உதிரிப்பூக்களுக்கு மறு வருஷம் நடந்தது போலவே!

பரியனின் அப்பாவாக வந்தவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. நெல்லை தங்கராஜ். திரையில் பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக்காரராக வந்தார். அதற்கென்று நடிப்புப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. வாழ்க்கை முழுக்க அவர் செய்தது அந்த வேலைதான். சாயம் பூசி, சேலை கட்டி, சலங்கை கட்டிக் கோயில் கொடைகளில் இரவெல்லாம் ஆடியவர். பொது இடத்தில் அவர் வேட்டியை உருவி ஓடவிடும் காட்சியை முழுதாகப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டவர்கள் ஏராளம். படம் புகழ்பெற்ற பிறகும் அவர் குடியிருந்தது ஒழுகும் வீட்டில்தான். செய்தி வெளியான பிறகு மாவட்ட நிர்வாகம் உதவிக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் அவர் காலமானார்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் டெல்லி விருதுகள்; மாநில அரசின் விருது வேறு ரகம். 1960-களின் கடைசியில் தொடங்கிய அந்த விருது நடுவில் நின்றுபோனது; 2009 முதல் 2014 வரை ஆறு வருஷத்துக்கான பட்டியலை 2017 ஜூலையில் ஒரே நாளில் அறிவித்தார்கள். மேடையேற்றிக் கையில் கொடுத்தது 2022-இல். விருது வாங்கப் போன குழந்தை நட்சத்திரங்களுக்கு மீசை முளைத்திருந்தது.

மேலே சொன்ன படங்களில் பாதியில் நடிகர்கள் பேசியது நெல்லைத் தமிழா, சினிமாக்காரர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஒரு தமிழா என்ற வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கிறது. 'ஏலே' போட்டால் திருநெல்வேலி ஆகிவிடுமா? அடுத்த வாரம் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

(தொடரும்)